பிடித்த பாட்டும் நல்ல பாட்டும்

‘எனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும்’ என்பது ஒரு கூற்று. ‘இது நல்ல பாட்டு’ என்பது வேறொரு கூற்று. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டையும் நாம் வேறுபாடின்றி வழங்கி வருகிறோம். முதலாவது என்னைப் பற்றிய செய்தி. அதை மறுக்க எவராலும் இயலாது. இரண்டாவது பாட்டைப் பற்றிய செய்தி. அதைச் சொன்ன மறுகணமே காரணம் காட்டும் கடமை என்னைச் சேர்கிறது. காரணம் காட்ட மனமில்லாதபோது முதற் கூற்றுக்குள் ஒளிந்துகொள்கிறோம். பிறர் வாயை அடைக்க வேண்டும்போது இரண்டாவதை எடுத்து வீசுகிறோம்.

இசையைப் பற்றி நம் இல்லங்களில் எழும் பூசல்களுள் பல இம்மயக்கத்தில் பிறப்பவை. தந்தைக்குப் பழைய திரைப்பாடல் உயிர்; தாய்க்குக் கீர்த்தனை; மகனுக்குக் கானா; மகளுக்கு மேலைநாட்டுக் குழுக்களின் பாட்டு. ஒருவர் செவிக்கு அமுதமாவது மற்றவருக்கு இரைச்சலாகிறது. ‘இதெல்லாம் ஒரு பாட்டா?’ என்னும் கேள்வி விடை நாடிக் கேட்கப்படுவதில்லை. அது தீர்ப்பு, பல வேளைகளில் பாட்டை மட்டுமன்றி, அதைக் கேட்பவரையும் சேர்த்து வழங்கப்படும் தீர்ப்பு.

இப்பூசலுக்கு எளிதாகக் கிட்டும் தீர்வுகள் இரண்டு. ‘சுவையைப் பற்றி வழக்காடலாகாது’ என்னும் பழைய இலத்தீன் மொழியைச் சொல்லி எல்லாரையும் அவரவர் வழியில் விட்டுவிடுவது ஒன்று. உயர்ந்த இசை ஒன்றே, ஏனையவை பொழுதுபோக்கு என்று முடிவு கட்டிவிடுவது மற்றொன்று. முன்னது தாராள மனமாகத் தோன்றும். பின்னது கொள்கைப் பிடிப்பாகத் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உட்கார்ந்து கேட்கும் உழைப்பிலிருந்து இரண்டும் நம்மை விடுவித்துவிடுகின்றன.

சுவைக்குச் சான்று உண்டா?

டேவிட் ஹியூம் என்னும் ஸ்காட்லாந்து மெய்யியலார் 1757-இல் சுவையின் அளவுகோலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இறைநம்பிக்கையைப் பொறுத்தவரை அவர் நமக்கு நெடுந்தொலைவில் நிற்பவர்; எனினும் இப்பொருளில் அவரிடம் கற்கத்தக்கது உண்டு. செர்வாந்தேஸின் புகழ்பெற்ற புதினத்தில் வரும் ஒரு கதையை அவர் எடுத்தாளுகிறார். ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவைச் சுவைத்துச் சொல்ல இருவர் அழைக்கப்படுகின்றனர். மது நல்லதே, ஆனால் சிறிது தோல் மணம் இருக்கிறது என்கிறார் ஒருவர். நல்லதே, ஆனால் சிறிது இரும்புச் சுவை இருக்கிறது என்கிறார் மற்றவர். ஊரார் இருவரையும் எள்ளி நகையாடுகின்றனர். பீப்பாய் காலியானபோது அதன் அடியில் தோல்வார் கோத்த பழைய சாவி ஒன்று கிடக்கிறது!

சுவைத்தவர் நாவில் தோன்றியது வெறும் மனப்போக்கு அன்று. பீப்பாய்க்குள் உண்மையாகவே ஒன்று இருந்தது. இசையிலும் இவ்வாறே. ஒரு பாட்டில் சுருதி விலகினால் விலகியதுதான். தாளம் தடுமாறினால் தடுமாறியதுதான். சோகச் சொல்லின் மேல் துள்ளல் மெட்டை ஏற்றியிருந்தால் அந்தப் பொருத்தமின்மை பாட்டுக்குள்ளே கிடக்கிறது; கேட்பவரின் பிறந்த ஊரோ அகவையோ அதை உண்டாக்கவில்லை. ஆகவே சுவையைப் பற்றி வழக்காடலாம். சாவி கிடைக்கும்வரை பொறுமையுடன் வழக்காடலாம்.

ஆனால் ஹியூம் வேறொரு நிபந்தனையும் வைக்கிறார். தீர்ப்புச் சொல்பவர் பலவற்றைக் கேட்டு ஒப்பிட்டுப் பழகியவராகவும் முற்சாய்வு அற்றவராகவும் இருத்தல் வேண்டும். ஒரே ஒரு வகையை மட்டும் கேட்டு வளர்ந்த செவி, மற்ற வகைகளின் குறைகளைச் சொல்லத் தகுதியற்றது; தன் வகையின் நிறைகளைக்கூட அது முழுதாக அறியாது. இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டால், பலவகை இசையைக் கேட்பது ஆடம்பரமாக நின்றுவிடாமல் நேர்மையின் ஒரு பகுதியாகிறது.

திணைதோறும் ஒரு பறை

தமிழுக்கு இது புதிய பாடமன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணுகிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, நெய்தலுக்கு ஒரு பறை. மலையின் யாழ் வயலின் யாழ் அன்று. எது உயர்ந்தது என்னும் வினாவுக்கு அவ்விலக்கணத்தில் இடமே இல்லை. எது எந்த நிலத்துக்கு உரியது என்பதே அங்கு வினா.

சிலப்பதிகாரம் இதைக் காவியமாகவே செய்து காட்டியது. அரங்கேற்று காதையில் ஆடலாசான், இசையாசான், யாழாசிரியன், குழலோன் ஆகியோரின் தகுதிகளை நுட்பமாக விரித்துரைக்கும் இளங்கோ, அதே நூலில் கடற்கரையின் கானல்வரிக்கும், பாலை நிலத்து வேட்டுவவரிக்கும், இடைச்சேரியின் ஆய்ச்சியர் குரவைக்கும், மலைவாழ் மக்களின் குன்றக்குரவைக்கும் தனித்தனிக் காதைகள் அமைத்தார். மரபு அவரைத் துறவியென்று சொல்கிறது. துறவி ஒருவர் அரங்கிசையையும் சேரியிசையையும் ஒரே ஏட்டில் எழுதினார். எழுதியதால் காவியத்தின் தரம் குறையவில்லை. ஆய்ச்சியர் குரவையை அரங்கேற்று காதையின் அளவுகோலால் அவர் அளக்கவும் இல்லை. பலவகை இசையை நுகர்வதற்கு இதனினும் தெளிவான வழிகாட்டி நமக்குத் தேவையில்லை.

வானொலி தந்த பாடம்

ஒரு வகையின் சட்டத்தை எல்லா வகைகளுக்கும் சட்டமாக்கினால் என்ன நேரும் என்பதற்குச் சென்ற நூற்றாண்டில் நம் நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உண்டு.

1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அத்தடை 1971-இல்தான் தளரத் தொடங்கியது. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் பொய்யன்று. ஐரோப்பாவில் பிறந்த அந்தப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒலி நிலையாக அமைந்துவிடுகிறது. நம் இராகங்களோ ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வளைந்தும் அசைந்தும் செல்பவை. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்திப் பிடித்தால் தோடி தோன்றாது. இந்தக் கமகத்தை ஆர்மோனியத்தால் தர இயலாது. அதே ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் மட்டும் நம் மேடையில் நிலைபெற்றதன் காரணமும் இதுவே. வயலினில் விரலைத் தடுக்கும் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லலாம். முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்றார். நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, தந்திகளைச் சட்சமும் பஞ்சமுமாகச் சேர்த்துக்கொண்டனர். கருவி அயலதாகவே இருக்க, இசை நம்முடையதாயிற்று.

ஆக, கர்நாடக இசையின் அளவுகோலால் ஆர்மோனியம் குறையுடைய கருவியே. ஆனால் நாடக மேடைக்கும் பசனைக் கூடத்துக்கும் தெருக்கூத்துக்கும் அந்த அளவுகோல் எதற்கு? ஐந்நூறு பேர் கூடியிருக்கும் திறந்த வெளியில், ஒலிபெருக்கி வராத காலத்தில், நடிகரின் உச்சக் குரலுக்கு ஈடுகொடுத்துத் தாங்கி நின்றது அந்தப் பெட்டிதான். ஓரிடத்தில் குறையாக இருந்த உறுதியான ஒலி வேறோரிடத்தில் வலிமையாயிற்று. தடை செய்தவர்கள் கூறிய காரணம் சரி. அதன் எல்லையை மறந்ததே பிழை.

இரண்டாவது சான்று திரைப்பாடலைப் பற்றியது. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் மக்களின் சுவையை உயர்த்தும் நோக்கத்தோடு வானொலியில் திரைப்பாடல்களைக் குறைத்தார். சில காலம் அவை ஏறத்தாழ மறைந்தே போயின. மக்கள் சுவையை மாற்றிக்கொண்டார்களா? வானொலிப் பெட்டியின் முள்ளை மாற்றிக்கொண்டார்கள். இலங்கை வானொலி இந்தியா முழுவதும் ஒலித்தது. நம் தென் மாவட்டங்களில் அதன் தமிழ் ஒலிபரப்பு வீட்டு உறுப்பினர்போல் ஆனது. அதன் அறிவிப்பாளர்களின் குரலைத் தெரியாத தெருக்கள் இல்லை. இறுதியில் 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே விவித் பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு மீண்டும் கதவு திறந்தது. கேஸ்கர் செவ்வியல் இசைக்குச் செய்த தொண்டு சிறிதன்று. ஆயினும் ஆணையால் காதைத் திருப்பலாம் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் தாங்கவில்லை. வீட்டில் பிள்ளைகளின் பாட்டை நிறுத்தச் சொல்லும் பெற்றோரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நலம்.

கடன் பெற்ற பெரியோர்

பலவகை இசையில் திளைத்தால் ஆழம் குன்றிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. முத்துசாமி தீட்சிதரை (1775–1835) அவர்களுக்கு விடையாகக் காட்டலாம். இளமையில் அவர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்தது. கோட்டையில் ஆங்கிலேயப் பேண்டு வாசித்த மெட்டுகளை அவர் கேட்டார். அவற்றின் மேல் வடமொழிச் சொற்களை அமைத்து நாற்பதை ஒட்டிய நோட்டுச்சுர சாகித்தியங்களை இயற்றினார். ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் மெட்டு அவர் கையில் தேவி துதியாயிற்று. காசியில் சில ஆண்டுகள் தங்கி வடநாட்டு இசையையும் உள்வாங்கினார். அதே தீட்சிதர்தான் விளம்ப காலத்தில் யானை நடைபோல் நகரும் கனமான கிருதிகளையும் தந்தார். அயல் மெட்டு அவரைக் கரைத்துவிடவில்லை. தம் வீடு எதுவென்று தெளிவாக அறிந்தவர் அண்டை வீட்டில் அச்சமின்றி விருந்துண்ணலாம்.

மறு திசையிலும் பயணம் நடந்தது. கத்தோலிக்கரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கர்நாடக இசை வடிவத்தில் எழுதிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ 1878-இல் வெளிவந்தன. எச்சமயத்தவரும் பாடும் வண்ணம் இறைவனைப் பொதுப் பெயர்களால் அவர் அழைத்தார். அவர் நண்பர் நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். ஒருவர் சைவர், மற்றவர் கிறிஸ்தவர். இருவரையும் இணைத்தது இராகம். தீட்சிதர் மரபின் கிருதிகள் அச்சேறிய வரலாற்றிலும் ஒரு கிறிஸ்தவர் இருக்கிறார். ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890-களின் தொடக்கத்தில் நம் இசையை மேலைநாட்டுக் குறியீட்டில் எழுதி வெளியிடும் பெருமுயற்சியில் இறங்கினார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரை அவர் அணுகித் தூண்டியதன் பயன், 1904-இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் மாபெரும் நூலில் சென்று முடிந்தது. தம் சமயத்துப் பாடல்கள் அல்ல என்று அவர் ஒதுங்கியிருந்தால் இழப்பு எல்லாருக்குமே.

கலவையை எவ்வாறு அளப்பது?

வகைகள் தனித்தனியே இருக்கும்போது அவற்றின் சட்டத்தை அறிவது ஓரளவு எளிது. இரண்டு வகைகள் ஒரே படைப்பில் கலக்கும்போது எந்தச் சட்டத்தைக் கைக்கொள்வது? இதற்குத் தக்க உரைகல் இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் கருவியிசைத் தொகுப்பு. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகப் பாடி, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்று, 1976-இல் ‘அன்னக்கிளி’யால் நாட்டுப்புற மெட்டைத் திரையில் அரியணை ஏற்றியவர் அவர். இத்தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். பெயர் எப்படி வைப்பது என்று பொருள்படும் தலைப்பே நம் வினாவை எழுப்புகிறது. அதிலுள்ள ஓர் உருப்படிக்கு ஒப்பிடாதே என்று பொருள்படும் பெயரும் உண்டு.

ஆனால் ஒப்பிடாமல் எப்படி? மேலை இசையின் உயிர் ஒத்திசைவு. பல சுரங்கள் ஒருங்கே ஒலித்து ஒன்றையொன்று தாங்குவது. அதற்குச் சுரம் அசையாமல் நிற்றல் வேண்டும். நம் இசையின் உயிர் கமகம். அதற்குச் சுரம் அசைதல் வேண்டும். ஒன்றின் அறம் மற்றதன் குற்றம். இவ்விரண்டையும் ஓரிடத்தில் வாழவைப்பதே இத்தகைய கலவையின் சோதனை. பாக்கைத் தம் இல்லத்தில் சந்தித்ததாகப் பெயரிடப்பட்ட பகுதியில், பாக்கின் தனி வயலின் இசையும் நம் முறையில் வளைந்து செல்லும் வயலினும் அருகருகே ஒலிக்கின்றன. வி. எஸ். நரசிம்மனின் வில் அங்கு இரு மொழி பேசுகிறது. ஒன்று மற்றதை விழுங்காமல் இடம்விட்டு நிற்பதால் அச்சந்திப்பு உரையாடலாகிறது. வேறு சில இடங்களில் தந்திக் கருவிகள் கூட்டமாக விரையும்போது அசைவு கரைந்து, இராகம் வெறும் சுர வரிசையாகச் சுருங்குவதாக என் செவிக்குப் படுகிறது. இரண்டையும் சொல்வதே அப்படைப்புக்கு நாம் செய்யும் மரியாதை. புதுமை என்பதற்காகவே போற்றுவதும், கலப்படம் என்பதற்காகவே தூற்றுவதும் கேட்காதவர் பேச்சு. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ‘வேலியன்ட்’ என்னும் தம் சிம்பொனியை அவர் அரங்கேற்றினார். அதையும் பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் செவியால் அணுகுவதே முறை.

தோல் ஒன்றே

இதுகாறும் சொன்னவை இசையின் உள்ளமைப்பைப் பற்றியவை. ஆனால் நம் நாட்டில் ஓர் இசையை ஒதுக்குவதற்கு அதன் உள்ளமைப்பு எப்போதுமே காரணமாக இருப்பதில்லை. பறையை எடுத்துக்கொள்வோம். மரச்சட்டத்தில் தோலை ஒட்டி, நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி, சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் கொண்டு முழக்குவர். அதன் அடவுகள் நுட்பமான கணக்குடையவை. ஆயினும் ‘சாவு மேளம்’ என்ற ஒரே சொல்லால் அது ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஒதுக்கப்பட்டது ஒலியா, அதை முழக்கிய கையா?

இதற்கு விடை மிருதங்கத்தில் இருக்கிறது. கச்சேரி மேடையில் வணங்கப்படும் அக்கருவிக்கும் மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அதைச் செய்து தருவோரின் வாழ்வைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூலில் எழுதினார். அவர்களுள் மிகப் பலர் தலித் கிறிஸ்தவர்கள். நூலின் பெயரே நம் பங்குகளில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர் அல்லவா! வித்துவானின் பெயர் அழைப்பிதழில் இருக்கும். வலந்தலையின் நாதத்தை வார்பிடித்துக் காதால் சோதித்துச் சேர்த்தவரின் பெயர் எங்கும் இராது. ஒரே தோல்; ஒரே வகுப்பாரின் கைகள். ஒன்று கலை, மற்றொன்று இழிவு. இது செவியின் தீர்ப்பாக இருக்க முடியாது. சுவை என்ற பெயரில் சாதி பேசுகிறது.

அண்மைக்காலத்தில் காட்சி மாறி வருகிறது. பா. இரஞ்சித்தின் முயற்சியில் 2017-இல் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு வடசென்னைக் கானாவையும் பறையையும் ராக், ராப் ஆகியவற்றோடு பெருமேடைக்குக் கொண்டுவந்தது. கல்லூரி விழாக்களில் பறை ஒலிக்கிறது. மகிழத்தக்கதே. ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. ரிச்சர்ட் பீட்டர்சன், ரோஜர் கெர்ன் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முன்பு மேல்தட்டினர் செவ்வியல் இசையை மட்டும் கேட்பதைப் பெருமையாகக் கொண்டனர். பின்னர் எல்லா வகையையும் கேட்பதாகச் சொல்வதே அவர்களின் அடையாளமாகி வருகிறது என்பது அதன் சாரம். ‘நான் எல்லாம் கேட்பேன்’ என்பதும் புதிய அணிகலனாகலாம். பறையை விழாவில் கைதட்டி வரவேற்றுவிட்டு, பறைஞரை வீட்டு வாசலில் நிறுத்தினால் நம் செவிதான் விரிந்திருக்கிறது. நெஞ்சம் அப்படியே இருக்கிறது.

இன்பத்துக்கு அஞ்சுதல்

இசையின்பத்தையே ஐயத்தோடு நோக்கிய மாமனிதர் ஒருவர் நம் மரபில் உண்டு. புனித அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் இதைப் பற்றித் தம்மோடு தாமே போராடுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை மிகுதியாக ஈர்த்துவிடுகிறதே என்று கலங்குகிறார். அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார் திருப்பாடல்களைப் பாடுவதைவிடப் பேசுவதற்கு நெருக்கமாக ஓதச் செய்தாராம். அதுவே பாதுகாப்பு என்று ஒரு கணம் எண்ணுகிறார். அடுத்த கணமே, மனந்திரும்பிய நாள்களில் திருச்சபையின் பாடலைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைக்கிறார். இறுதியில் பாடலின் பக்கமே சாய்கிறார். ஆனால் முழு நிம்மதியோடு அல்ல.

இப்பகுதியில் என்னைக் கவர்வது அவர் எழுப்பும் வினாவின் திசை. எந்த வகை இசை தீயது என்று அவர் பட்டியலிடவில்லை. இதைக் கேட்கும்போது என்னுள் என்ன நிகழ்கிறது என்று கேட்கிறார். கீர்த்தனை கேட்டுச் செருக்குறுபவரும் உண்டு. தேநீர்க் கடையில் ஒலிக்கும் திரைப்பாடலில் தம் தாயை நினைந்து நெகிழ்பவரும் உண்டு. வகையின் பெயரைக் கொண்டு இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. அதே வேளையில், பெண்ணை இழிவு செய்யும் சொற்களைத் துள்ளல் மெட்டு இனிமையாக்கித் தரும்போது, மெட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கவும் இயலாது. மெட்டு நன்று, சொல் தீது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லும் துணிவு வேண்டும். பிள்ளைகள் அந்தத் தெளிவை மதிப்பார்கள். ஒட்டுமொத்தக் கண்டனத்தை அவர்கள் மதிப்பதில்லை.

எல்லாரும் எல்லாவற்றையும் விரும்பியாக வேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது. ஒருவருக்கு நாகசுரம் நெஞ்சை அள்ளும், ஒருவருக்குப் பியானோ. விருப்பம் வளர்ப்பினாலும் நினைவினாலும் அமைவது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் விரும்பாததையும் ஒருமுறை அதன் சட்டத்தை அறிந்து, அதன் மக்களை மதித்து, முழுதாகக் கேட்பது நம்மால் இயலும். இல்லங்களில் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. வாரத்தில் ஒரு மாலை, குடும்பத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு பாட்டை ஒலிக்கச் செய்யட்டும். மற்றவர்கள் இடைமறிக்காமல் இறுதிவரை கேட்கட்டும். பின்னர் ஒவ்வொருவரும் அப்பாட்டில் தம் செவிக்குப் புலப்பட்ட நல்லது ஒன்றையும், குறை ஒன்றையும், காரணத்தோடு சொல்லட்டும். பாட்டனாரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில்லை, இளையவரிடமிருந்தே தொடங்கலாம்.